பதினோராவது செதில்

நான் கேட்டு வந்தது ஒரே ஒரு பக்கம்தான், சிஸ்டர். உங்கள் இல்லத்தின் பழைய சேர்க்கைப் பதிவேட்டில் அறுபத்தாறாம் வருஷத்துப் பக்கம். குழந்தையின் பெயர் சலேத்து. பிற்பாடு எனக்கு மனைவியானாள். முப்பது வருஷம் கூட இருந்தாள். போன வருஷம் மாசியில் தவறிவிட்டாள்.

சான்றிதழ்களெல்லாம் கொண்டுவந்திருக்கிறேன். வாசலில் இருக்கிற அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்து நோட்டெல்லாம் மாடியில் பெட்டியில் கிடக்கிறது, தேடி எடுக்க நேரமாகும், சிஸ்டரோடு உட்கார்ந்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஒன்றும் அவசரமில்லை. வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை.

அந்தப் பையா? அதில் பாம்பு இல்லை, பயப்படாதீர்கள். பாம்புப் பூங்காவில் வேலை என்று நான் சொன்னதிலிருந்து நீங்கள் பையையே பார்க்கிறீர்கள். அதில் இருப்பதும் ஒரு பதிவேடுதான். உங்களிடம் ஒன்று இருக்கிற மாதிரி என்னிடம் ஒன்று. திங்கட்கிழமைக்குள் அதில் ஒரே ஒரு கட்டத்தைத் திருத்திக் கையெழுத்துப் போட்டு, ஒரு விளக்கக் கடிதத்தோடு கொடுக்க வேண்டும். அந்தத் திருத்தத்தில் என் மனைவியின் பெயரை எழுதுவதா, வேண்டாமா என்பதுதான் விஷயம். எழுதினால் குற்றம் செய்தவள் என்று எழுதுகிற மாதிரி. அப்படி எழுதுவதற்கு முன்னால் அவள் யார் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? அதற்குத்தான் காலையில் முதல் பஸ் ஏறினேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

என் பெயர் மாசிலாமணி. உடுமலையிலிருந்து அமராவதி போகிற பாதையில் வேலன்கரடு பாம்புப் பூங்கா என்று ஒன்றை ஒரு டிரஸ்ட் நடத்துகிறது. எண்பத்து மூன்றில் அங்கே கூண்டு கழுவச் சேர்ந்தேன். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. பாம்பைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பார்த்தேன். பார்த்ததை எழுதி வைத்தேன். நான் படித்ததெல்லாம் அவ்வளவுதான்.

அங்கே மூன்று மலைப்பாம்புகள் இருந்தன. ஆண் ஒன்று, பெண் இரண்டு. மூன்றும் அமராவதிக் காட்டில் ஒரே ஓடைக்கரையில் பிடித்தவை. வனத்துறை அதிகாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார், இவை பெருகினால் குட்டிகளை அதே காட்டில் கொண்டுபோய் விடலாம், ஆனால் வேறு காட்டுப் பாம்பு எதுவும் இதில் கலக்கக் கூடாது, ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு ரத்தம் இருக்கிறது என்று. இந்தக் குட்டிக்கு அப்பன் யார், ஆத்தாள் யார், பாட்டன் யார் என்று எழுத்தில் இருந்தால்தான் காட்டுக்குள் அனுமதிப்பார்கள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டு போய்விட்டார்கள். நான் அன்றைக்கே கடைக்குப் போய் இந்த நோட்டை வாங்கினேன்.

பாருங்கள். எண், ஆணா பெண்ணா, பிறந்த தேதி, தகப்பன் எண், தாய் எண், குறிப்பு. கண்ணால் பார்க்காததை எழுத மாட்டேன். எழுதியதை அழிக்க மாட்டேன். தப்பு வந்தால் ஒற்றைக்கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போடுவேன். கூட ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். குட்டி பிறந்தால் அந்த வரிக்கும் அப்படியே. இது யாரும் போட்ட சட்டம் இல்லை, நானே போட்டுக்கொண்டது. ஒவ்வொரு பாம்பும் உரித்த சட்டையில் ஒரு துண்டை அதனதன் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன், பாருங்கள், வெங்காயத் தோல் மாதிரி இருக்கிறதே, அதுதான். எந்தப் பாம்பை வேண்டுமானாலும் கேளுங்கள், ஐந்து தலைமுறை சொல்வேன்.

பாம்பை எப்படி அடையாளம் வைப்பது என்று கேட்டால், வயிற்றுப் பக்கம் பட்டை பட்டையாகச் செதில் இருக்கும். கழிவுத் துவாரத்திலிருந்து தலைப்பக்கமாக எண்ணிக்கொண்டே வந்து, ஒன்பதாவது செதிலின் ஓரத்தை நறுக்கினால் அது ஒன்பதாம் எண். பதினோராவதை நறுக்கினால் பதினொன்று. வலிக்காது. நகம் வெட்டுகிற மாதிரி.

இதைத் தவிரப் பூங்காவுக்கு வேறு பாம்புகளும் வரும். கரும்பு வெட்டுகிற இடத்தில், கிணற்றில், கோழிக்கூட்டில் பிடித்து, சாக்கில் கட்டிக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுப் போவார்கள். நாலு நாள் வைத்திருந்து காட்டில் விட்டுவிடுவோம். அவற்றுக்கு நான் வைத்த பெயர் சாக்குப் பாம்பு. என் கூண்டுப் பக்கம் அவற்றை அண்ட விட மாட்டேன். ஊர் தெரியாது, பேர் தெரியாது, அப்பன் ஆத்தாள் யாரென்று தெரியாது, சாக்கில் வந்ததெல்லாம் என் வரிசையில் சேர முடியுமா? இதை நான் தினமும் சொல்வேன். வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்தால் அவர்களுக்கும் சொல்வேன்.

ஏன் சிஸ்டர் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் பாம்பைத்தான் சொல்கிறேன்.

சலேத்து எண்பத்தாறில் வந்தாள். இங்கிருந்துதான் அனுப்பினீர்கள், அப்போது வேறு சிஸ்டர் இருந்திருப்பார்கள். டிக்கெட் கொடுக்கிற ஜன்னலில் உட்கார வைத்தார்கள். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். வாசலில் வருகிற பாம்புகளுக்கு ஒரு வரத்து நோட்டு உண்டு, அதையும் அவள்தான் எழுதுவாள். ஒரு நாள் நான் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போது ஜன்னலுக்குள்ளிருந்து கேட்டாள்.

"ஏனுங்க, சாக்குல வந்துச்சுன்னா, அதுக்கு முன்னாடி அது எங்கயுமே இல்லீங்களா?"

நான் சிரித்துவிட்டேன். சின்னப் பெண், தெரியாமல் கேட்கிறாள் என்று நினைத்தேன். அந்தக் கேள்விக்காகத்தான் எனக்கு அவளைப் பிடித்தது என்று கூடச் சொல்லலாம்.

எண்பத்தெட்டு ஆவணிக்குக் கல்யாணம் பேசினோம். எனக்கு ஆட்சேபணை இல்லை. இல்லத்துப் பெண் என்று நான் ஒரு நாளும் குறையாக நினைத்தது கிடையாது, சத்தியமாகச் சொல்கிறேன். என் அம்மாவுக்குத்தான் பத்திரிகையை நினைத்துக் கவலை. மணமகள் இன்னார் மகள் என்று போடாமல் பத்திரிகை அடிப்பது எப்படி, சொந்தக்காரர்கள் முதலில் அந்த வரியைத்தானே படிப்பார்கள் என்று அழுதாள். அதனால் நானே ஒரு பெயர் யோசித்தேன். அமரர் ஆரோக்கியசாமி, ரயில்வே, பொன்மலை. பொன்மலை தூரமாக இருக்கிறது, யாரும் போய் விசாரிக்கப் போவதில்லை.

அச்சகத்தில் முதல் பிரதி கொடுத்த அன்று சலேத்து இங்கே வந்திருந்தாள். கல்யாணத்தைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அரை நாள் லீவு போட்டிருந்தாள். சுதந்திர தினக் கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை. நான் உடுமலை பஸ் ஸ்டாண்டில் பத்திரிகையோடு நின்றேன். இறங்கினாள். கையில் ஏதோ தாளை மடித்து வைத்திருந்தாள், சிஸ்டர்மார் கொடுத்த சாமி படமாக இருக்கும். ஏதோ சொல்லத் தொடங்கினாள். நான், முதலில் இதைப் பார் என்று பத்திரிகையை நீட்டினேன். முழுவதும் படித்தாள். அவள் படிக்கிறபோது நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா இருக்குங்க. ரயில்வே நல்ல வேலைதான்" என்றாள்.

அவ்வளவுதான். பிறகு இளநீர் குடித்தோம்.

பார்க்காததை எழுத மாட்டேன் என்றீர்களே, என்று நீங்கள் கேட்க நினைக்கலாம். அது வேறு, சிஸ்டர். அது கல்யாணப் பத்திரிகை, ஊருக்காக அடிப்பது. இது பதிவேடு.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதை ஒரு பேச்சாக நாங்கள் வைத்துக்கொள்ளவும் இல்லை. பூங்காவுக்குள்ளேயே இரண்டு அறை வீடு. அவள் ஜன்னலில், நான் கூண்டில். சாயங்காலம் அன்றைக்கு நான் எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டுவேன். அவள் சாட்சிக் கையெழுத்துப் போடுவாள். அதுதான் எங்கள் பேச்சு.

தொண்ணூற்றொன்றில் தொடங்கியது தொல்லை. மலைப்பாம்பு முட்டை போட்டால் அதன் மேல் சுருண்டு படுத்து, உடம்பை நடுக்கி நடுக்கிச் சூடேற்றி அடைகாக்கும். இரண்டு மாதம் தின்னாமல் கிடக்கும். அப்படிக் கிடந்தும், பாதி முட்டை கூழ். பொரித்து வந்ததிலும் சிலது கூன் விழுந்து, சிலது ஒரு கண் இல்லாமல். அடுத்த வருஷம் இன்னும் மோசம். அதற்கடுத்த வருஷம் முப்பது முட்டையில் ஆறு. அந்த ஆறும் ஒரு வாரம் இருக்கவில்லை. நான்தான் குழி தோண்டினேன். சலேத்து பக்கத்தில் நின்றாள். டாக்டர் ஒருவர் அப்போதே சொன்னார், ஒரே குடும்பத்துக்குள்ளேயே கட்டிக் கட்டி ரத்தம் நீர்த்துப்போய்விட்டது, வெளியிலிருந்து ஒன்றைச் சேருங்கள் என்று. சேர்க்க மாட்டேன் என்றேன். வளர்ந்த ஆண் என்று அப்போது மிஞ்சியிருந்தது பதினோராம் எண் ஒன்றுதான். அது எனக்குச் செல்லம். எலி கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கோழிக்குஞ்சுதான் வேண்டும். நான் கூண்டைத் திறந்தால் தலையைக் கூடத் தூக்காது. அவ்வளவு பழக்கம்.

தொண்ணூற்று மூன்று கடைசியில் எனக்கு மஞ்சள் காமாலை. ஈரோட்டில் தங்கை வீட்டில் நாற்பது நாள் படுக்கை. எழுந்து நடந்தால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லிவிட்டார்கள். பாம்புகள் இணை சேருகிற பருவமே மார்கழி, தை. அந்த நேரம் பார்த்துப் படுத்துவிட்டேன். கூண்டுகளைச் சலேத்துவும் சின்னராசுவும் பார்த்துக்கொண்டார்கள். சின்னராசு என்னோடு வேலை பார்த்தவன், என்னைவிடச் சின்னவன். வாரம் ஒரு கார்டு போடுவாள். எல்லாம் சௌக்கியம், கவலை வேண்டாம் என்று.

திரும்பி வந்தேன். முதல் காரியமாகப் பதினொன்றைப் போய்ப் பார்த்தேன். சீறினான். என்னைப் பார்த்துச் சீறினான், சிஸ்டர். நாற்பது நாள் காணாமல் போனதற்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு எழுதியதைப் படிக்கிறேன், கேளுங்கள். "எண் 11. குணம் மாறியிருக்கிறது. என்னை மறந்துவிட்டான். எலி கொடுத்தேன், தின்றான். பசி நன்றாக இருக்கிறது. தலைமேல் உள்ள அம்புக்குறி முன்னைவிட அகலமாகத் தெரிகிறது, மெலிந்ததால் இருக்கலாம். அடிச்செதில் சரிபார்த்தேன். பதினோராவது நறுக்கியிருக்கிறது. நறுக்கு புதிதாகத் தெரிகிறது, உராய்ந்திருக்கும்."

என் கையெழுத்து. எல்லாம் நானே எழுதியிருக்கிறேன். கண் சொன்னதையெல்லாம் வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் செதிலை நம்பியிருக்கிறேன்.

அந்த ஆனியில் முப்பத்தொரு முட்டையில் இருபத்தேழு பொரித்தது. ஒன்றில் கூட வளைவு இல்லை. கண்ணாடி மாதிரி கண். நான் பூங்கா முழுக்க மிட்டாய் கொடுத்தேன். பத்திரிகைக்காரர்கள் வந்து படம் எடுத்தார்கள். சலேத்துவைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் சொன்னேன், "பாத்தியா, சுத்த ரத்தம்னா இதுதான். நாலு தலைமுறையா ஒரு சொட்டு கலப்பில்ல." அவள் சிரித்தாள். குட்டி ஒன்றை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள், படத்தில் இருக்கிறாள்.

அந்தக் குட்டிகளின் பிள்ளைகள், அவற்றின் பிள்ளைகள் என்று இன்றைக்கு நாற்பத்திரண்டு உருப்படி. காட்டில் விட்டது இருநூற்றுக்கு மேல்.

இனி அவள் கடைசி வருஷத்தைச் சொல்கிறேன். சிறுநீரகம். கோயம்புத்தூரில் வாரம் இரண்டு தடவை ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். முதல் நாள் ஒரு டாக்டர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து கேட்டார், இவர்கள் அம்மாவுக்கு இந்த வியாதி உண்டா, அப்பாவுக்கு, கூடப் பிறந்தவர்களுக்கு. என் முப்பத்து நாலாம் எண்ணுக்குக் கொள்ளுப்பாட்டி எந்த வருஷம் வாய்ப்புண் வந்து தின்னாமல் கிடந்தது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சலேத்துதான் படுக்கையிலிருந்து பதில் சொன்னாள்.

"எங்கப்பா ரயில்வேல இருந்தாருங்க. ஒரு நாள் காய்ச்சல்னு படுத்ததில்ல."

டாக்டர் எழுதிக்கொண்டார். அவள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். வெளியே வந்து நாங்கள் இருவரும் சிரித்தோம். நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். அதற்கப்புறம் பதினோரு மாதம்.

போன மாதம் புதிதாக ஒரு கால்நடை டாக்டர் வந்தார். நஸ்ரின் என்று பெயர், சின்ன வயது, நல்ல பெண். இப்போதெல்லாம் உரித்த சட்டையை அனுப்பினால் பரம்பரையைச் சொல்லிவிடுவார்களாம். பதினாறு குட்டிகளை அடுத்த மாதம் காட்டில் விட வேண்டியிருந்தது, அதற்கு முன் சோதனை வேண்டும் என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இந்த நோட்டிலிருந்து ஒவ்வொரு சட்டையிலும் ஒரு துணுக்கு வெட்டி நானே கொடுத்தேன். பதினோராம் எண்ணுடையதையும் கொடுத்தேன், தொண்ணூற்றிரண்டில் உரித்தது. அதன் மகள் முப்பத்து நாலாம் எண் கிழவியாகி இன்னும் உயிரோடு இருக்கிறாள், அவளுடையதையும் கொடுத்தேன்.

முடிவு வந்தது. முப்பத்து நாலுக்குத் தாய் சரி. தகப்பன் பதினொன்று இல்லை. தகப்பன் அமராவதிக் காட்டுப் பாம்பே இல்லை.

நான் சோதனையில் தப்பு என்றேன். டாக்டரம்மா என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்த ஒரு பாம்பு உள்ள வரலைன்னா உங்க வரிசை அப்பவே முடிஞ்சிருக்கும் சார். உங்களுக்கு யாரோ நல்லதுதான் செஞ்சிருக்காங்க" என்றார். மேனேஜர் வேறு மாதிரி பேசினார். அந்த வருஷத்துப் பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், விட்டதை யார் போய்ப் பிடிக்கப் போகிறார்கள் என்றார். கரையான் தின்னாத பக்கத்தைத் தின்றது என்று எப்படி எழுதுவேன்?

சின்னராசுவைத் தேடிப் போனேன். பொள்ளாச்சிப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறான். நான் பதினொன்று என்று ஆரம்பித்ததுமே தலையைக் குனிந்துகொண்டான். "அக்காதாண்ணா. நீங்க ஈரோட்டுல கெடந்தீங்க. ஒரு நாள் காலைல பாத்தா பதினொண்ணு செத்துக் கெடக்குது. இது தெரிஞ்சா இவரு எந்திரிச்சு வந்துருவாரு, வந்தா பொழைக்க மாட்டாருன்னு அக்கா அழுதுச்சு."

அந்த வாரம் மடத்துக்குளம் பக்கம் கரும்பு வெட்டும்போது பிடித்த ஒன்று சாக்கில் கிடந்திருக்கிறது. ஆண். அதே நீளம். சின்னராசு பிடித்துக்கொள்ள, அவள் என் நோட்டைப் பார்த்து, எண்ணிக் கண்டுபிடித்து, நகவெட்டியால் பதினோராவது செதிலை நறுக்கியிருக்கிறாள். நறுக்கும்போது அதனிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாளாம். என்ன பேசினாள் என்று கேட்டேன். முழுவதும் கேட்கவில்லை என்றான். "நீயும் உள்ள வா, வந்தாவாச்சும் நல்ல குட்டியாப் பொறக்கட்டும்னு சொல்லுச்சுண்ணா" என்றான்.

செத்ததைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் புதைத்து, மேலே நந்தியாவட்டை நட்டிருக்கிறாள். அந்தச் செடிக்கு அரிசி கழுவின தண்ணீர் ஊற்றுவாள். பூவுக்காக என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு நோட்டையும் எடுத்துப் பார்த்தேன். வரத்து நோட்டில் அந்தக் கரும்புக்காட்டுப் பாம்புக்கு நேராக, எங்கே விடப்பட்டது என்கிற இடத்தில், அவள் கையெழுத்தில் "நல்ல இடத்தில்" என்று இருக்கிறது. மற்றதற்கெல்லாம் காட்டின் பெயர். இதற்கு மட்டும் அப்படி. என் நோட்டில் தொண்ணூற்று நாலு ஆனி, இருபத்தேழு குட்டிகள், தகப்பன் எண் 11. கீழே என் கையெழுத்து. சாட்சி போடுகிற இடம் காலி. முப்பது வருஷத்தில் அவள் போடாமல் விட்டது அது ஒன்றுதான். நான் கவனிக்கவே இல்லை.

என் மனத்தாங்கல் இதுதான், சிஸ்டர். பொய் எழுதக் கூடாது என்று தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் என்னிடம் சொல்லியிருக்கலாமே. நான் தேறி எழுந்த பிறகு சொல்லியிருக்கலாம். குட்டி பொரித்த அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் பதினோரு மாதம் இருந்ததே, அப்போது சொல்லியிருக்கலாம். நான் அடிக்கிற ஆளா, திட்டுகிற ஆளா? சாக்குப் பாம்பு என்று பாம்பைத்தானே சொன்னேன். அவளை ஒரு வார்த்தை சொன்னதுண்டா?

வந்துவிட்டார்கள். இதுவா நோட்டு? துணி அட்டை. எங்களுடையதைவிட நன்றாக வைத்திருக்கிறீர்கள்.

நான் படிக்கலாமா? கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். "19.9.1966. பெண். எடை இரண்டு கிலோ நூறு. அடையாளம்: இடது தோளில் மச்சம். பெயர்: சலேத்து. கொண்டுவந்தவர்: கருப்பாத்தாள், கரும்பு வெட்டும் கூலி." பக்கத்தில் கைரேகை. "குறிப்பு: பால் குடிக்கிறது. பசி நன்றாக இருக்கிறது."

நானும் இப்படித்தான் எழுதுவேன்.

தகப்பன், தாய் கட்டம் எங்கே, சிஸ்டர்? அடுத்த பக்கத்திலா? கிடையாதா? எந்தக் குழந்தைக்குமே போட்டதில்லையா? ஆமாம், பக்கம் முழுக்க இல்லை. காலியாக விடப்போகிற கட்டத்தை எதற்குக் கோடு போட்டு வைக்க வேண்டும் என்று பழைய மதர் சொன்னாராக்கும். பின்னால் வந்து பார்க்கிற பிள்ளை அந்தக் காலி இடத்தைத்தான் பார்க்கும் என்று. அதனால் கொண்டுவந்தவர் பெயர் மட்டும்.

எனக்கு அது தோன்றியதே இல்லை.

இது என்ன, ஓரத்தில்? நீல மையில். இது அவள் கையெழுத்து. "பிரதி பெற்றுக்கொண்டேன். சலேத்து. 13.8.1988."

பதின்மூன்று. கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்னால்.

சாமி படம் இல்லை அது. இந்தப் பக்கத்தின் பிரதி. பஸ்ஸை விட்டு இறங்கும்போது அதைத்தான் கையில் வைத்திருந்தாள். எனக்குக் காட்டத்தான் வாங்கி வந்திருக்கிறாள். நான்தான் முதலில் என் தாளை நீட்டிவிட்டேன்.

இரண்டே அறை வீடு, சிஸ்டர். முப்பது வருஷம் அதை எங்கே வைத்திருந்தாள்?

இல்லை, தண்ணீர் வேண்டாம். பேனா இருந்தால் கொடுங்கள்.

ஒற்றைக்கோடுதான் போட வேண்டும். கீழே இருப்பது தெரிய வேண்டும், அப்போதுதான் தப்பு யாருடையது என்று தெரியும். தகப்பன் எண் 11. கோடு போட்டுவிட்டேன். இதை எழுதினால் இந்தப் பதினாறு குட்டியும் காட்டுக்குப் போகாது. இனிமேல் பிறக்கிறதும் போகாது. காட்டில் விட்டதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். சொல்கிறேன். இருக்கிற நாற்பத்திரண்டும் சாகிற வரை என்னோடு கிடக்கட்டும். எனக்கும் வீட்டில் யாரும் இல்லை.

என் நோட்டில் உங்கள் மாதிரிக் கட்டம் கிடையாது. ஓரத்தில் இடம் இருக்கிறது, அங்கே எழுதுகிறேன். கொண்டுவந்தவர்: சலேத்து.

அவள் எழுத்து மாதிரி வரவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். பக்கத்தில் சாட்சி வேண்டும். எல்லாத் திருத்தத்துக்கும் அவள்தான் போடுவாள், இதற்கு மட்டும் அந்த இடம் இருபத்தைந்து வருஷமாக அப்படியே கிடக்கிறது. நீங்கள் போடுகிறீர்களா, சிஸ்டர்? நீங்கள் பார்த்ததைத்தானே போடப்போகிறீர்கள்.